புகைக்குத் திரை வேண்டும்

'இரும்புத் திரை' என்ற சொல்லை அறியாத மாணவர் இருக்க முடியாது. 1946-ஆம் ஆண்டில் சர்ச்சில் அமெரிக்க நாட்டில் நிகழ்த்திய சொற்பொழிவொன்றில் அதை எடுத்தாண்டார். அன்று முதல் அது அரசியல் அகராதியில் ஏறி அமர்ந்துகொண்டது. 1960-இல் நம் தமிழகத்தில் அப்பெயரில் ஒரு திரைப்படமே வெளிவந்தது. ஆனால் அச்சொல் பிறந்த இடம் பாராளுமன்றம் அன்று; போர்க்களமும் அன்று; நாடகக் கொட்டகை! மேடையில் தீப்பற்றினால் அவையில் இருப்போரை அது எட்டாதபடி, மேடைக்கும் அவைக்கும் நடுவே இறக்குவதற்கென்று ஐரோப்பியர் தொங்கவிட்ட உலோகத் திரைக்கே அப்பெயர் முதலில் வழங்கியது. இலண்டனில் துரூரி லேன் அரங்கத்தில் 1794-லேயே அத்தகைய திரை இருந்தது.

மனிதரை மனிதரிடமிருந்து பிரிக்கும் திரையைப் பற்றி மேடைதோறும் பேசியாயிற்று. மனிதரை நெருப்பிலிருந்தும் புகையிலிருந்தும் பிரிக்கும் திரையைப் பற்றி நம்மில் பேசுவார் இல்லை. தமிழ் மாணவர் மன்றத்தின் இதழில் இது என்ன பொருள் என்று சில தோழர்கள் புருவத்தை நெரிக்கக்கூடும். இங்கே படிக்கும் நம்மில் பலர் பாலக்காட்டு எல்லையிலிருந்தும் இடுக்கி மலைகளிலிருந்தும் வந்தவர்கள். நம் பெற்றோர் இன்றிரவு எந்தக் கூரையின்கீழ் உறங்குகிறார்கள் என்பதைவிடத் தமிழ் மன்றத்துக்கு ஏற்ற பொருள் வேறு யாது?

நான் சொல்ல வருவது ஒன்றே. கட்டடத்துக்குள் புகையைத் தடுத்து நிறுத்தும் ஏற்பாடு மாநகரத்துப் பேரங்காடிகளின் ஆடம்பரம் அன்று. ஏழை உறங்கும் வீட்டிலிருந்தே அது தொடங்க வேண்டும். அதுவும் கட்டி முடித்த பின்னர் அன்று. வரைபடத் தாளிலேயே தொடங்க வேண்டும்.

புகை எனும் முதற்பகை

நெருப்பில்லாமல் புகையாது என்பது நம்மவர் பழமொழி. உண்மைதான். ஆனால் நெருப்பு எட்டாத இடத்தையும் புகை எட்டும் என்பதை அப்பழமொழி சொல்லவில்லை. கட்டடத் தீயில் இறப்போரில் மிகப் பலர் தீ நாக்கு தீண்டி இறப்பவர் அல்லர். புகை புகுந்து இறப்பவர். எரியும் பொருளிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபினை அது பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்கிறது. உறங்குபவன் உறக்கத்திலிருந்து எழாமலேயே போய்விடுகிறான்.

இனி, புகை நடக்கும் வழியைப் பாருங்கள். 27 டிகிரி வெப்பத்திலுள்ள காற்றை 327 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் கன அளவு இரட்டிப்பாகும் என்பது பள்ளி இறுதி வகுப்பிலேயே நாம் போட்ட கணக்கு. கன அளவு இரட்டித்தால் அடர்த்தி பாதியாகும். அடர்த்தி குறைந்தது மேலே எழும். எழுந்தது கூரையில் முட்டும். முட்டியது கூரையை ஒட்டியே நாற்புறமும் பரவும். பரவும் வழியில் தடை ஏதும் இல்லாவிட்டால் கட்டடத்தின் கடைக்கோடி வரை ஓடும். போகப் போகக் குளிர்ந்து கீழே இறங்கும். தீப்பிடித்த அறையில் தலைக்கு மேலே மிதந்த புகை, தீயே இல்லாத தொலைவறையில் மூக்குக்கு நேரே வந்து நிற்பது இதனால்தான். படிக்கட்டுக் கூண்டு கிடைத்தாலோ கேட்க வேண்டுவதில்லை, அதுவே புகைபோக்கியாகிவிடும்!

ஏட்டில் படித்த இந்தப் பாடத்தை நாடு தன் உயிர்களைக் கொடுத்தும் படித்திருக்கிறது. 1997 ஜூன் 13-ஆம் நாள் தில்லி உபகார் திரையரங்கில் தீப்பிடித்த இடம் கீழ்த்தளத்து மின்மாற்றி அறை. மாண்டவர்களோ மாடியில் அமர்ந்து படம் பார்த்தவர்கள். படிக்கட்டு வழியே ஏறிய புகை 59 உயிர்களைக் குடித்தது. 2011 டிசம்பர் 9-ஆம் நாள் விடியுமுன் கல்கத்தாவின் ஆம்ரி மருத்துவமனையில் தீப்பற்றியது அடித்தளத்தில். கண்ணாடியால் மூடி முத்திரையிட்டாற்போன்ற அக்கட்டடத்தில் புகை வெளியேற வழியின்றி மாடிகளில் ஏறியது. தொண்ணூறு பேரளவில் மாண்டனர். நோயாளிகளைத் தூக்கித் தூக்கி வெளியே சேர்த்துவிட்டு, மீண்டும் உள்ளே சென்று திரும்பாத கேரளத்துச் செவிலியர் இருவரும் அவர்களுள் அடங்குவர்.

நமக்கு இன்னும் நெருங்கி வருகிறேன். 2024 ஜூன் 12-ஆம் நாள் குவைத் நாட்டின் மங்காஃப் பகுதியில், தொழிலாளர் தங்கியிருந்த அடுக்கு மாடியில் கீழ்த்தளத்தில் தீப்பிடித்தது. ஏறத்தாழ ஐம்பது பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் இந்தியர். மலையாளிகள் இருபதுக்கு மேல், தமிழர் எழுவர். அறைக்கும் அறைக்கும் நடுவே எளிதில் எரியும் பொருளால் தடுப்பு வைத்திருந்தார்கள் என்றும், அது அடர்ந்த புகையைக் கக்கிற்று என்றும், கீழே ஓடியவர்கள் படிக்கட்டுப் புகையில் வீழ்ந்தார்கள் என்றும், மேலே ஓடியவர்களுக்கு மொட்டை மாடிக் கதவு பூட்டியிருந்தது என்றும் அந்நாட்டுத் தீயணைப்பு அதிகாரிகள் கூறினார்கள். கொச்சி விமான நிலையத்தில் அந்தப் பெட்டிகள் வரிசையாக இறக்கப்பட்டதை நாம் கண்டோம். மலையாளியின் பெட்டி எது, தமிழனின் பெட்டி எது என்று பெயர்ச்சீட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது.

அதே ஆண்டு செப்டம்பர் 12-இல் மதுரையில் மகளிர் விடுதியொன்றில் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எழுந்த தீயும் புகையும் இருவரைக் கொன்றன. டிசம்பர் 12-இல் திண்டுக்கல்லில் தனியார் மருத்துவமனையொன்றில் தீப்பிடித்து அறுவர் மாண்டனர். மின் தூக்கிக்குள் மூச்சுத் திணறி மயங்கிக் கிடந்தோரும் உண்டு. மூணாற்றிலிருந்தும் மறையூரிலிருந்தும் பெரிய வைத்தியத்துக்கு மலையிறங்கி வருகிற நம் மக்களுக்கு மதுரையும் திண்டுக்கல்லும் அயலூர் அல்ல.

திரை செய்யும் வேலை

இத்தகைய புகையை மறிக்க இன்றைய விஞ்ஞானம் என்ன கண்டிருக்கிறது? இருவகைத் திரைகளைக் கண்டிருக்கிறது.

முதலாவது, புகைத் தடுப்புத் திரை. கண்ணாடி இழையால் நெய்து மேற்பூச்சுப் பூசிய துணி அது. கூரையோரத்தில் ஒரு நீண்ட பெட்டிக்குள் பாயைப்போல் சுருண்டு கிடக்கும். புகையுணரும் கருவி எச்சரித்ததும் கீழே இறங்கும். தரை வரை இறங்க வேண்டும் என்பதில்லை. தலைக்கு மேல் ஓரளவு இறங்கி நின்றாலே பல இடங்களில் போதும். புகை கூரையை ஒட்டித்தானே ஓடுகிறது? திரை இறங்கியதும் கூரைக்கடியில் ஒரு தொட்டியைக் கவிழ்த்து வைத்தாற்போல் ஆகிவிடும். அத்தொட்டிக்குள் புகை தேங்கும். தேங்கிய புகையை மேலேயுள்ள திறப்போ விசிறியோ வெளியே தள்ளும். கீழே மக்கள் குனியாமல் நடந்து வெளியேறலாம். இத்தகைய திரைகளை 600 டிகிரி வெப்பத்தில் வைத்துச் சோதிக்கும் தரமுறையை ஐரோப்பியர் வகுத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, தீத் தடுப்புத் திரை. இதுவும் கண்ணாடி இழைத் துணியே; ஆனால் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி இழையோடு சேர்த்து நெய்தது. சுவர் எழுப்ப இயலாத அகன்ற வாயில்களில் இது தரை வரை இறங்கிச் சுவரின் வேலையைச் சில நாழிகை செய்யும். சாதாரணத் தீத்திரை தீயைத் தடுக்குமே தவிர அதன் வெக்கையை முற்றும் தடுக்காது என்பதையும் மறந்துவிடலாகாது.

பெரிய தொழிற்சாலைகளுக்கும் இப்பாடம் உண்டு. 1953 ஆகஸ்ட் 12-ஆம் நாள் அமெரிக்காவில் லிவோனியா என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை எரிந்தது. முப்பது ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பு, ஒரே கூரை, நடுவே தடுப்பென்று ஒன்றுமில்லை. ஒரு மூலையில் பிடித்த தீ முழுவதையும் தின்றது. அதன் பின்னரே பெருங்கொட்டகைகளில் கூரையிலிருந்து தகட்டுத் திரைகளைத் தொங்கவிட்டு அறையறையாகப் பிரிப்பதும், ஒவ்வொரு பிரிவிலும் புகை போகும் திறப்பு வைப்பதும் வலுவாக வற்புறுத்தப்பட்டன. கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையிலும் கோவைப் புறநகரிலும் இன்று எழும்பும் தகரக் கொட்டகைகளின் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். அந்தத் திரை இருக்கிறதா என்று நீங்களே கண்டு சொல்லுங்கள்.

திரை இருந்தும் எரிந்தவை

திரையை வாங்கி மாட்டிவிட்டால் தீர்ந்தது தொல்லை என்று எண்ணுவாருக்கு நாடகக் கொட்டகையின் வரலாறே மறுமொழி சொல்லும். 1881 டிசம்பர் 8-ஆம் நாள் வியன்னாவின் ரிங் அரங்கில் தீப்பிடித்தபோது அங்கே இரும்புத் திரை இருந்தது, இறக்கத்தான் ஆளில்லை. 384 பேர் மாண்டதாக அரசாங்கக் கணக்கு. 1903 டிசம்பர் 30-ஆம் நாள் சிகாகோ நகரத்து இராக்வா அரங்கில் கல்நார்த் திரையை இறக்கினார்கள். பாதி வழியில் சிக்கிக்கொண்டது. 602 உயிர்கள் போயின. அந்த அரங்கம் திறந்து ஆறு வாரங்கூட ஆகவில்லை; தீயே தீண்டாது என்று விளம்பரம் செய்யப்பட்ட அரங்கம் அது!

ஆகவே, திரைக்குச் சில நிபந்தனைகள் உண்டு. மின்சாரம் போனாலும் தன் எடையாலேயே இறங்க வேண்டும். இறங்கும் வழியில் அலமாரியோ சரக்கு மூட்டையோ நிற்கக்கூடாது. குறித்த காலந்தோறும் இறக்கிப் பார்க்க வேண்டும். தேங்கிய புகைக்கு மேலே வழி இருக்க வேண்டும். வழியில்லாத தொட்டி நிரம்பி வழியத்தான் செய்யும். மக்கள் ஓடும் பாதைக்குக் குறுக்கே தரை வரை இறங்கும் திரையைத் தொங்கவிட்டால் அது காவலன் அன்று, காலன். இவற்றை எல்லாம் கட்டடம் எழும்பிய பிறகு யோசித்துப் பயனில்லை. கூரை எவ்வளவு உயரம், உத்தரம் எங்கே, படி எங்கே, திறப்பு எங்கே என்று தாளில் கோடு போடும்போதே, புகை எங்கே போகும் என்றும் ஒரு கோடு போட வேண்டும். கூரைக்குக் கீழே ஆழமாகத் தாழ்ந்து நிற்கும் காங்கிரீட் உத்தரங்கூட ஓரளவு புகைத் திரையின் வேலையைச் செய்யும். யோசித்து வைத்தால் அதற்குத் தனியே செலவில்லை; யோசியாமல் விட்டால் பின்னால் இலட்சம் கொட்டினாலும் சரிவராது.

நம் கூரைகளுக்கு வருவோம்

இவ்வளவும் கண்ணாடி மாளிகைக் கதை. நமக்கென்ன என்று கேட்கும் தோழரை மலைக்கு அழைத்துச் செல்கிறேன். என் பாட்டனாரின் தந்தை கோவில்பட்டிக் கரிசலிலிருந்து கங்காணியின் பின்னே நடந்து தேவிகுளத்து மலை ஏறியவர். அவர் குடியேறிய வகை வீட்டில்தான் நானும் பிறந்தேன். இன்றும் என் தாயும் தந்தையும் கொழுந்து வேலை முடிந்து வந்து அங்கேதான் தலைசாய்க்கிறார்கள். அதற்கு லயம் என்று பெயர். நீளமான ஒரே தகரக் கூரை. அதன்கீழ் இரயில் பெட்டிகளைப்போல் அடுத்தடுத்து வீடுகள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே சுவர் உண்டு. ஆனால் என் லயத்தில் அந்தச் சுவர் ஆளுயரத்துக்கு மேல் சிறிது எழுந்து நின்றுவிடும். அதற்கு மேலே கூரைத் தகடு வரை முக்கோணமாக ஒரு வெற்றிடம். பலகையோ, தார்ப்பாயோ, சாக்கோ அதை அடைத்திருக்கும். முதல் வீட்டில் மீன் வறுத்தால் ஐந்தாம் வீட்டுப் பிள்ளை சோற்றுத் தட்டோடு எழுந்துவிடும். மணம் கூரைக்கடியில் அவ்வளவு எளிதாக ஓடும். மணம் ஓடும் வழியில் புகை ஓடாதா?

எல்லா லயமும் இப்படியே என்று நான் சொல்லேன். சீர்செய்து தடுத்தவையும் உண்டு. எனினும் மலைக் குளிரையும் மழையையும் அறிந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். அடுப்பில் விறகு, அடுப்புக்கு மேலே பரணில் ஈர விறகு காய்கிறது, மூலையில் எரிவாயு உருளை, கொடியில் கம்பளி, குளிருக்கு அஞ்சிச் சன்னல் இடுக்குகளெல்லாம் துணி திணித்து அடைப்பு, பின்வாசல் இல்லாத வீடு. ஒரு வீட்டில் பிடித்த தீயால் வரிசையில் பல வீடுகள் ஒருங்கே கரிந்த செய்தியை மூணாற்றுப் பக்கம் நாம் பலமுறை படித்திருக்கிறோம். தீயணைப்பு வண்டி வளைந்து வளைந்து ஏறி வருவதற்குள் கூரை தன் வேலையை முடித்துவிடும்.

கூரையே தீக்குப் பாதையாகும் என்பதைக் கும்பகோணம் காட்டிற்று. 2004 ஜூலை 16-ஆம் நாள் அங்கே ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் பிடித்த தீ, கீற்றுக் கூரை வழியே வகுப்பறைக் கூரைக்கு ஓடியது. 94 குழந்தைகள். அதே ஆண்டு ஜனவரி 23-இல் திருவரங்கத்தில் திருமண மண்டபத்துக் கீற்றுப் பந்தல் எரிந்து மணமகன் உட்பட ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் தமிழகப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. நல்லதே. ஆனால் கீற்றைக் குற்றவாளியாக்கினோம். தடுப்பே இல்லாமல் நீண்டு கிடக்கும் கூரை என்ற குற்றவாளியைத் தப்பவிட்டோம்.

பாலக்காட்டுப் பக்கமும் வரிசை வீடுகளே. கல்பாத்தியின் அக்கிரகாரத்தில் வீட்டோடு வீடு ஒட்டுச் சுவரால் இணைந்து தெரு நீளத்துக்கு நிற்கிறது. பாரம்பரியக் கிராமம் என்று கேரள அரசே அதைப் பாராட்டியிருக்கிறது. அக்கிரகாரத்துத் தமிழரும் லயத்துத் தமிழரும் ஒரே பந்தியில் அமர்ந்ததில்லை. ஆனால் வரிசை வீடு என்ற அமைப்பில் இருவரும் ஒன்றே. தீயின் கண்ணிலும் ஒன்றே. பழமை கெடாமல் காக்க வேண்டும் என்பார், கூரைக்கடியில் வீட்டுக்கு வீடு தடுப்பிருக்கிறதா என்று ஏறிப் பார்ப்பதும் பழமையைக் காப்பதன் ஒரு பகுதிதான்.

கஞ்சிக்கோட்டிலும் வாளையாற்றிலும் தொழிலாளர் தங்கும் கொட்டகைகளைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. ஒரு காலத்தில் அங்கே கூலிக்குப் போனவன் தமிழன்; இன்று அவனோடு வங்கத்தானும் பீகாரியும் அசாமியும் பாய் விரிக்கிறார்கள். பலகையால் தடுத்த அறைகள், ஒரே படிக்கட்டு, பூட்டிய மாடிக் கதவு என்ற மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால், குவைத்தில் நடந்தது அங்கே நடவாது என்று யார் உறுதி சொல்வார்?

1666-இல் இலண்டன் மாநகரம் எரிந்தது. பதின்மூவாயிரம் வீடுகள் சாம்பலாயின. அவ்வூரார் பாடம் படித்தார்கள். 1707-ஆம் ஆண்டுச் சட்டம், இரு வீட்டுக்குப் பொதுவான சுவர் கூரையோடு நில்லாமல் கூரையையும் கடந்து மேலே எழ வேண்டும் என்று விதித்தது. அந்த நாட்டுத் துரையான மன்றோ 1877-இல் பூஞ்சாற்று அரசரிடம் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். அவர்பின் வந்த துரைமார் தேயிலையைக் கொண்டுவந்தார்கள், இயந்திரம் கொண்டுவந்தார்கள், கிரிக்கெட்டும் கொண்டுவந்தார்கள். இருநூறு ஆண்டுகளாகத் தங்கள் ஊரில் செல்லுபடியான சுவரை மட்டும் கூலிக்காரன் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை! துரைமார் போனார்கள், நம்மவர் வந்தார்கள். தொழிலாளிக்கு வீடு தருவது முதலாளியின் கடமை என்று 1951-இல் தோட்டத் தொழிலாளர் சட்டமும் வந்தது. சுவர் எழவில்லை.

சட்டம் வேறொரு வகையிலும் நம் வீட்டைக் காணாமல் போகிறது. 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு நான்காம் பகுதி முழுவதையும் தீப் பாதுகாப்புக்கே ஒதுக்கியிருக்கிறது, பயன்மிகு நூல். ஆனால் கடுமையான கட்டுப்பாடுகள் பெரும்பாலும் பதினைந்து மீட்டருக்கு மேற்பட்ட உயர்ந்த கட்டடத்தைத்தான் நோக்குகின்றன. லயத்தின் முகடு நான்கைந்து மீட்டர். உயரத்தை அளக்கும் அளவுகோல், அதன்கீழே எத்தனை குடும்பம் ஒரே காற்றைச் சுவாசிக்கிறது என்று அளப்பதில்லை.

செலவுக்கு அஞ்சுவோர்க்கு

பணமில்லை என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டின் அகலம் 6 மீட்டர், சுவர்த் தலையிலிருந்து முகடு வரை 1.5 மீட்டர் என்று கொண்டால், அடைக்க வேண்டிய முக்கோணத்தின் பரப்பு நாலரைச் சதுர மீட்டர். ஒரு கொத்தனாருக்கு இரண்டு நாள் வேலை! பழைய சுவர் பாரம் தாங்காது என்றால் இரும்புச் சட்டத்தில் சிமெண்டுப் பலகை அறையலாம். பலகை தகட்டைத் தொடும் இடத்திலும், மின் கம்பி நுழையும் துளையிலும் இடுக்கு விடாமல் பூச வேண்டும். இடுக்கு விட்டால் செய்தது வீண். ஒவ்வொரு வீட்டு முகட்டிலும் மழை புகாமல் புகை போகும் மூடிய திறப்பொன்று வேண்டும். பரணில் விறகு காய்வதை நிறுத்த, வெளியே ஒரு விறகுக் கொட்டில் வேண்டும். விலையுயர்ந்த கண்ணாடி இழைத் திரை செய்யும் வேலையை, செங்கல்லால் ஆன இந்தத் திரை எங்கள் லயத்தில் செய்யும். இதற்கு மின்சாரம் வேண்டாம், பொத்தான் வேண்டாம், பாதியில் சிக்காது.

சுவர் அடைத்தால் குளிர் குறையும். பக்கத்து வீட்டுப் பேச்சும் சண்டையும் காதில் விழா. இதை என் தாயிடம் சொன்னபோது, "புகைக்காக இல்லாட்டியும் அதுக்காகவாவது கட்டித் தரச் சொல்லுடா" என்றார்கள்!

தீ எச்சரிக்கையும் தீயணைப்பு வண்டியும் போதாதா என்று கேட்பாரும் உண்டு. இரண்டும் வேண்டும். ஆனால் எச்சரிக்கை மணி அடித்த பின் மனிதன் எழுந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, இருட்டில் கதவைத் தேடுவதற்குச் சில நிமிடம் வேண்டும். அந்தச் சில நிமிடத்தைத் தருவது தடுப்பு ஒன்றுதான். வருமுன் காவாதவன் வாழ்வுக்கு உவமை தேடிய வள்ளுவர், நெருப்பின் முன் கிடக்கும் வைக்கோலையே கண்டார். நம் வீடுகளை அந்த வைக்கோலாக விட்டுவைக்கலாமா?

நாம் செய்யக் கூடியவை

மாணவர் என்ன செய்ய முடியும் என்ற கேள்விக்கு மூன்று மறுமொழிகள் வைத்திருக்கிறேன்.

முதலாவது, நம் விடுதியிலிருந்து தொடங்குவோம். விடுதிகளில் படிக்கட்டுக்குத் தானே மூடிக்கொள்ளும் கதவு இருந்தால் அது புகைத் திரைதான். காற்று வரவேண்டும் என்று அதற்குச் செங்கல்லை முட்டுக் கொடுப்பது நாம்; அதனருகே பழைய மெத்தைகளையும் காகிதக் கட்டுகளையும் அடுக்குவதும் நாம். செங்கல்லை எடுப்பதற்கு எந்தத் துணைவேந்தரின் ஆணையும் வேண்டுவதில்லை. மொட்டை மாடிக் கதவின் திறவுகோல் இரவில் யாரிடம் இருக்கிறது என்று காப்பாளரிடம் கேட்டு எழுதி வாங்குவோம்.

இரண்டாவது, பொறியியலும் கட்டடக் கலையும் பயிலும் தோழர்களுக்கு. மக்கள் வெளியேறும் வழியை அம்புக் குறியிட்டுக் காட்டாத வரைபடத்துக்கு மதிப்பெண் கிடைக்காது. புகை வெளியேறும் வழியையும் அவ்வாறே அம்புக் குறியிட்டுக் காட்டுங்கள். எந்த உத்தரம் அதைத் தடுக்கும், எங்கே திரை இறங்கும், மின்சாரம் போனால் என்னாகும் என்று நீங்களே உங்களைக் கேளுங்கள். நாளை நீங்கள் கொச்சியில் அங்காடி கட்டுவீர்கள். கோவையில் மருத்துவமனை கட்டுவீர்கள். திரை விற்பவன் சொன்னதே வேதம் என்று கொள்ளாதீர்கள். சோதனைச் சான்றைக் கேளுங்கள். இறக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவது, மன்றத்துக்கு என் வேண்டுகோள். வரும் விடுமுறையில் நாம் வீடு செல்கிறோம். மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, வண்டிப்பெரியாறு, சித்தூர், கொழிஞ்சாம்பாறை என்று நம்மவர் போகாத இடமில்லை. ஒவ்வொருவரும் தத்தம் வரிசையில் நாலு விவரம் எழுதி வருவோம்: ஒரே கூரையின்கீழ் எத்தனை வீடு, அவற்றில் எத்தனைச் சுவர் கூரைத் தகட்டைத் தொடுகிறது, பின்வாசல் உள்ள வீடு எத்தனை, தண்ணீர்க் குழாய் எவ்வளவு தொலைவு. ஏணியும் கைவிளக்கும் இருந்தால் போதும். நூறு லயத்தின் கணக்குக் கையில் இருந்தால் தோட்ட நிருவாகத்திடமும் தொழிற்சங்கத்திடமும் பஞ்சாயத்திடமும் மாவட்ட ஆட்சியரிடமும் வெறுங்கையோடு போக வேண்டியதில்லை. மலையாளத்திலும் தமிழிலும் எழுதிக் கொடுப்போம். பக்கத்து வீட்டு மலையாளத் தோழனையும் உடன் அழைப்போம்.

மொழிவழி மாநிலங்கள் அமைந்த 1956-இல், தேவிகுளமும் பீர்மேடும் எந்தப் பக்கம் என்று நம் முன்னோர் நெடுநாள் வாதாடினார்கள். அது அவர்கள் காலத்துப் போராட்டம். கோடு விழுந்துவிட்டது, கோட்டின் இருபுறமும் மக்கள் வாழ்கிறார்கள். புகை எந்த மாநிலத்துக் கோட்டையும் மதிப்பதில்லை. சுவரை மட்டுமே மதிக்கிறது. அந்தச் சுவர் கூரை வரை எழ வேண்டும் என்று கேட்பது நம் காலத்துப் போராட்டமாகட்டும். கணக்கெடுப்புக்கு வரும் தோழர்கள் விடுமுறைக்கு முன் மன்றச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். ஏணி நான் கொண்டு வருகிறேன்.